மூன்று வரிசை எஸ்யூவி: எந்த வண்டியில் வீட்டார் எல்லோரும் உண்மையிலேயே உட்கார முடியும் என்று அளந்து பார்ப்பது எப்படி?

ஏழு பேர் உட்காரலாம் என்பது ஆர்.சி. புத்தகத்துக்கான கணக்கு. கொடைக்கானல் மலைப்பாதையில் ஏழு பேர் உட்கார்ந்து போவது வேறு கணக்கு. உறவினர், நண்பர் என்று சிலருக்குத் துணையாக இஞ்ச் டேப்போடு ஷோரூம் ஏறி இறங்கியதில் ஒன்று தெரிந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்.

முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து “தாராளம்” என்கிறார்கள். இரண்டாம் வரிசைக்குப் போனதும் விற்பனையாளர் முன் சீட்டை முன்னே நகர்த்திவிடுகிறார். அங்கேயும் தாராளம். மூன்றாம் வரிசைக்கு ஏறும்போது இரண்டாம் வரிசை முன்னே நகர்கிறது. “பரவாயில்லையே!” தனித்தனியே மூன்றும் நன்றாக இருந்தன, மூன்றும் ஒரே நேரத்தில் நன்றாக இருந்ததே இல்லை. ஒரே போர்வையை மூன்று பேர் இழுப்பது போலத்தான் இது. அதனால் கீழே உள்ள வரிசை முறையை மாற்றாதீர்கள். முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். ஒரு வரிசையை முடித்த பிறகு அதை மறுபடி தொடக் கூடாது.

1. வீட்டிலேயே: யார், எங்கே?

ஒரு தாளில் வண்டியின் ஏழு இடங்களையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதுங்கள். பக்கத்தில் அவரது உயரம், முழங்கால் வலி, வாந்தி வரும் பழக்கம் ஆகியவற்றைக் குறியுங்கள். குழந்தைக்குத் தனி சீட் மாட்டுவீர்கள் என்றால் அது எந்த இடம் என்பதையும் எழுதுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலருக்கு இந்தத் தாளை நிரப்பும்போதே வீட்டில் வாக்குவாதம் வரும். பாட்டி கடைசி வரிசைக்கு ஏற மாட்டார். ஆறடி உயரக் கல்லூரிப் பையன் அங்கே உட்கார மாட்டான். மிச்சம் இருப்பது பத்து வயதுக் குழந்தைகள் இருவர்தான். அப்படியானால் கடைசி வரிசையை நீங்கள் அளக்க வேண்டியது பெரியவர்களுக்காக இல்லை. தேர்வு அங்கேயே பாதி எளிதாகிவிடும்.

ஏழு பேரும் ஆண்டுக்கு எத்தனை முறை, எவ்வளவு தூரம் போவீர்கள் என்பதையும் நேர்மையாக எழுதுங்கள். மாதம் ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்கு 40 கிலோமீட்டர் போவதும், ஆண்டுக்கு நான்கு முறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போவதும் வேறு வேறு வண்டிகளைக் கேட்கும்.

2. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

இஞ்ச் டேப், நோட்டு, பேனா. வீட்டில் உண்மையாகவே பயன்படுத்தும் பெரிய சூட்கேஸ் ஒன்று, தோள்பை இரண்டு. குழந்தை சீட் இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் விட முக்கியம், ஆட்கள். குறைந்தது ஓட்டுபவர், வீட்டிலேயே உயரமானவர், மூத்தவர் ஆகிய மூவராவது வர வேண்டும். வெளியூர்ப் பயணத்துக்கு என்ன உடுத்துவார்களோ அதையே உடுத்தி வரச் சொல்லுங்கள். சுடிதாரில் ஏறுவதும் புடவையில் ஏறுவதும் ஒன்றல்ல.

சனி, ஞாயிறு மாலை போகாதீர்கள். கூட்டத்தில் ஒரு சீட்டில் இருபது நிமிடம் உட்கார யாரும் விடமாட்டார்கள்.

3. போகும் முன் எண்களைப் படிக்கும் விதம்

விளம்பரத் தாளில் முழங்கால் இடைவெளி பெரும்பாலும் இருக்காது. நீளம், அகலம், உயரம், வீல்பேஸ், டிக்கி லிட்டர் ஆகியவைதான் இருக்கும். வீல்பேஸ் என்பது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம். அது கூடினால் உள்ளே இடம் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை.

மாருதி எர்டிகாவின் வீல்பேஸ் 2740 மி.மீ. டாடா சஃபாரியின் வீல்பேஸ் 2741 மி.மீ. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! ஆனால் சஃபாரி எர்டிகாவை விட 20 செ.மீ.க்கும் மேல் நீளம். கியா கேரன்ஸின் வீல்பேஸ் 2780. அதை விட 15 செ.மீ. நீளமான மகிந்திரா எக்ஸ்யூவி700-க்கு 2750. இன்னோவா ஹைகிராஸுக்கு 2850. எண்ணை வைத்து யார் பெரியவர் என்று முடிவு செய்யப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

காரணம் தரையில் இருக்கிறது. எஸ்யூவி என்றால் தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். லேடர் ஃபிரேம் (ஏணி போன்ற இரும்புச் சட்டம்) வண்டியாக இருந்தால் சட்டத்தின் மேல்தான் உள்தளம் வரும். பின் அச்சு, பெட்ரோல் தொட்டி எல்லாம் பின்புறத் தளத்தை இன்னும் மேலே தூக்கும். கூரையோ வெளித்தோற்றத்துக்காகப் பின்னால் சரியும். தளம் மேலே வர, கூரை கீழே இறங்க, நடுவில் மாட்டிக்கொள்பவர் மூன்றாம் வரிசைக்காரர். உயரம் குறைந்த, வேன் சாயலுள்ள வண்டிகள் சிறிய அளவிலேயே கடைசி வரிசையில் நன்றாக உட்கார வைப்பதன் ரகசியம் இதுதான்.

எண்களை இதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்: உங்கள் வீட்டு நிறுத்துமிடத்தில் அடங்காத வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட. மற்றதெல்லாம் நேரில்.

4. ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

“நான் வாங்கப் போகும் அதே சீட் அமைப்பு உள்ள வண்டியைக் காட்டுங்கள்.”

ஒரே பெயரில் வேறு வேறு அமைப்புகள் வருகின்றன. சஃபாரி, ஹூண்டாய் அல்கசார் இரண்டிலும் நடுவில் இரண்டு தனி சீட் உள்ள ஆறு பேர் வகையும், நீள பென்ச் உள்ள ஏழு பேர் வகையும் இருக்கின்றன. ஹைகிராஸில் தனி சீட் என்றால் ஏழு பேர், பென்ச் என்றால் எட்டுப் பேர். தனி சீட்டுக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போகலாம். பென்ச்சில் அந்த வழி கிடையாது. விலை உயர்ந்த வகையில் பஞ்சும் உறையும்கூட மாறும்.

எங்கள் வீட்டில் ஒரு முறை இப்படித்தான் சூடுபட்டோம். ஷோரூமில் என் அக்கா கணவர் உட்கார்ந்து பார்த்தது தனி சீட் வண்டி. விலை பார்த்து முன்பதிவு செய்தது பென்ச் வண்டி. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அத்தை நடுவழியைத் தேடினார். அப்படி ஒன்று இல்லவே இல்லை. விற்றவரைக் குறை சொல்ல முடியவில்லை, கேட்காதது எங்கள் தவறு.

அந்த வகை கையிருப்பில் இல்லை என்றால் காத்திருங்கள். “இதே மாதிரிதான் இருக்கும் சார்” என்பதை ஏற்காதீர்கள்.

5. ஓட்டுபவரின் சீட்டை முதலில் நிறுத்துங்கள்

வண்டியை யார் அதிகம் ஓட்டுவாரோ அவர் உட்கார வேண்டும். கிளட்ச் அல்லது பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு முழுவதும் சாய்ந்த நிலையில் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும். உயரத்தையும் சரிசெய்யுங்கள். ஷோரூமில் உட்காரும் நிலை வேண்டாம். மூன்று மணி நேரம் ஓட்டும்போது உட்காரும் நிலை வேண்டும்.

பக்கத்து சீட்டையும் அங்கே உட்காரப் போகிறவருக்கு ஏற்றபடி வையுங்கள். பிறகு சீட் தண்டவாளத்தின் முன் முனையிலிருந்து சீட் வரை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். இது ஏன் என்றால், நீங்கள் இறங்கிய அடுத்த நிமிடம் யாராவது சீட்டை முன்னே தள்ளுவார்கள். எழுதி வைத்தால் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவரலாம்.

6. இரண்டாம் வரிசை

ஓட்டுபவருக்குப் பின்னால், வீட்டிலேயே உயரமானவரை உட்கார வையுங்கள். நடு வரிசை முன்பின் நகரும் வண்டி என்றால் (கேரன்ஸ், அல்கசார், ஹைகிராஸ் போன்றவற்றில் நகரும், ஏழு சீட் எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ-என் இரண்டிலும் நகராது) முழுதாகப் பின்னால் தள்ளாதீர்கள். அவரது முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் எடுத்துக்கொள்வதெல்லாம் பின்னால் இருப்பவரிடம் வாங்கும் கடன்.

நகராத நடு வரிசையில் ஒரு நன்மையும் உண்டு: சமரசம் செய்ய வழியே இல்லாததால் அளவு உடனே தெரிந்துவிடும். கெடுதல் என்னவென்றால், கடைசி வரிசையில் ஆளே இல்லாத நாளிலும் நடுவில் கால் நீட்ட முடியாது, ஆள் இருக்கும் நாளில் நடு வரிசை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

இப்போது பார்க்க வேண்டியவை:

பாதம். முன் சீட்டுக்கு அடியில் விரல்களை நுழைக்க முடிகிறதா? முழங்கால் இடைவெளி நிறைய இருந்தும் பாதம் நுழையவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். முன் சீட்டை உயரம் குறைத்து வைத்திருக்கும்போதே இதைச் சோதியுங்கள். பல வண்டிகளில் சீட்டைக் கீழே இறக்கினால் அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது.

தொடை. உட்கார்ந்த பிறகு முழங்கால் மடிப்புக்கும் சீட்டின் முன் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு தொடை காற்றில் தொங்குகிறது என்று அளங்கள். மூன்று விரல் நல்லது. ஒரு சாண் என்றால் அந்த சீட் குட்டை. உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். குட்டையான சீட் முழங்கால் இடைவெளியை அதிகமாகக் காட்டும் என்பதை மறக்காதீர்கள். தாராளம் என்று நீங்கள் மெச்சியது சீட்டில் வெட்டி எடுத்த துண்டாக இருக்கலாம்.

நடு ஆள். பென்ச் என்றால் மூன்று பெரியவர்களை ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள். இருவர் உட்கார்ந்து “நடுவில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது” என்று ஊகிப்பதில் பயனில்லை. நடுவில் இருப்பவருக்குத் தலைச்சாய்வு உண்டா, தோளுக்கும் வரும் பெல்ட் உண்டா, முதுகில் ஆர்ம்ரெஸ்ட் உறுத்துகிறதா என்று அவரையே கேளுங்கள்.

7. கடைசி வரிசைக்கு ஏறுவது

நான் பார்த்தவரையில் வண்டிகள் தோற்பது உட்காருவதில் இல்லை, ஏறுவதில்.

நம் சாலையில் இடப்பக்கம்தான் ஓரம். ஆகவே நடு சீட்டை மடக்கி வழிவிடும் அமைப்பு இடப்பக்கம் இருக்க வேண்டும். சில வண்டிகளில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் முழுதாக மடங்கி முன்னே கவிழும். அதே இடத்தில்தான் குழந்தை சீட்டை மாட்டப் போகிறீர்கள் என்றால் கடைசி வரிசைக்கு வழி அடைபட்டது. குழந்தை சீட் எங்கே, வழி எங்கே என்பதை முதல் படியில் வரைந்த தாளில் இப்போது சரிபாருங்கள்.

விற்பனையாளர் மடக்கிக் காட்டட்டும். பிறகு அறுபதைத் தாண்டிய ஒருவர் தானே மடக்கி, ஏறி, உட்கார்ந்து, இறங்கட்டும். இறங்குவதுதான் கடினம். உள்ளிருந்து சீட்டை மடக்கும் கைப்பிடி எட்டுகிறதா? புடவைக் கரை தண்டவாளத்தில் சிக்குகிறதா? பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா? தரையிலிருந்து முதல் மிதி எவ்வளவு உயரம் என்பதையும் அளங்கள். வீட்டு மாடிப்படி பெரும்பாலும் 15 முதல் 18 செ.மீ. இருக்கும், எஸ்யூவியின் தளம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

என் அத்தைக்கு முழங்கால் வலி. ஒரு வண்டியில் அவர் ஏறிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: வலது கையால் ஹெட்ரெஸ்ட் கம்பியைப் பிடித்து, இடது காலை உள்ளே வைத்து, திரும்ப இடமில்லாமல் அப்படியே பின்புறமாகச் சரிந்து உட்கார்ந்தார். “உட்கார்ந்துவிட்டேன், இனி இறங்க மாட்டேன், திருச்செந்தூர் வந்ததும் சொல்லுங்கள்” என்றார். சிரித்தோம். அந்த வண்டியை வாங்கவில்லை.

8. கடைசி வரிசையில் இருபது நிமிடம்

ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எல்லா சீட்டும் நன்றாகத்தான் இருக்கும். மெத்தென்ற பஞ்சு முதலில் மயக்கும். பிறகு உள்ளே அமுங்கி இடுப்பெலும்பு அடித்தட்டைத் தொடும். இருபது நிமிடம் கைபேசி பார்க்காமல் உட்காருங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு சொல்வது கேட்காது.

முதலில் அளக்க வேண்டியது, கால் வைக்கும் தளத்திலிருந்து சீட்டின் முன் விளிம்பு வரை உள்ள உயரம். சாப்பாட்டு மேசை நாற்காலி ஏறத்தாழ 45 செ.மீ. உயரம். இந்த எண் குறையக் குறைய முழங்கால் மேலே வரும், தொடை சீட்டை விட்டுத் தூக்கும், குந்தி உட்கார்ந்த நிலை வரும். 30 செ.மீ.க்குக் கீழே போனால் அது குழந்தைகளுக்கான சீட் என்று நானே முடிவு செய்துவிடுகிறேன். எத்தனை முழங்கால் இடைவெளி இருந்தாலும் இந்த உயரம் இல்லாவிட்டால் பயனில்லை. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் அளவு இது.

தலைக்கு மேல் உள்ளங்கை படுத்த நிலையில் நுழைய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சரிந்து உட்கார்ந்தால் எல்லாக் கூரையும் உயரம்தான். ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்து, அது தலையின் பின்புறத்தைத் தாங்குகிறதா, கழுத்தைக் குத்துகிறதா என்று பாருங்கள். பின் கண்ணாடிக்கும் தலைக்கும் எவ்வளவு தூரம்? முதுகுச் சாய்வு மாறுகிறதா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்பதை வாய்மொழியாகக் கேட்காமல் விவரத் தாளில் பாருங்கள்.

ஏசி வென்ட் எங்கே இருக்கிறது என்பது நம் ஊர் வெயிலுக்குப் பெரிய விஷயம். கூரையில் இருந்தால் காற்று முகத்துக்கு வரும். முழங்கை உயரத்தில் பக்கச் சுவரில் இருந்தால் ஒரு பையோ துப்பட்டாவோ அதை அடைத்துவிடும். காற்று வேகத்தைக் கடைசி வரிசையில் இருப்பவரே கூட்டிக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

9. டிக்கி: ஏழு பேர் உட்கார்ந்த பிறகு

மூன்றாம் வரிசையை மடக்கிக் காட்டி “எவ்வளவு இடம் பாருங்கள்” என்பார்கள். நிமிர்த்தச் சொல்லுங்கள். எர்டிகாவில் அப்போது 209 லிட்டர், கேரன்ஸில் 216, அல்கசாரில் 180, ஹைகிராஸில் 300. விமானத்தில் கையோடு கொண்டு போகும் சிறு டிராலிப் பெட்டி ஏறத்தாழ 40 லிட்டர் இருக்கும். எர்டிகாவுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து பெட்டி நுழைய வேண்டும். நடைமுறையில் சாய்ந்த முதுகும் வளைந்த கதவும் அதை இரண்டு மூன்றாகக் குறைத்துவிடும்.

கொண்டுபோன சூட்கேஸை வைத்துக் கதவை மூடுங்கள். மூடவில்லை என்று கடைசி வரிசை முதுகை நிமிர்த்தினால், எட்டாம் படியில் உட்கார்ந்தவரை மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள். சிஎன்ஜி வகை வாங்குகிறவர்கள் சிலிண்டரோடு உள்ள வண்டியிலேயே இதைச் செய்ய வேண்டும். எர்டிகா சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கிக்குள்தான் இருக்கிறது.

10. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஓட்டம்

டெஸ்ட் டிரைவ் என்றால் வாங்குபவர் ஓட்டுவார், பக்கத்தில் விற்பனையாளர், பின்னால் காலி. குடும்ப வண்டிக்கு அந்த ஓட்டம் எதையும் சொல்லாது. ஏழு பேர் இல்லாவிட்டாலும் ஐந்து பேராவது ஏறுங்கள். ஏழு பேரின் சுமைக்கு ஏற்ற பின் ஸ்பிரிங், காலி வண்டியில் தூக்கிப் போடும். ஆள் ஏறினால் அடங்கும். சில வண்டிகளில் நேர்மாறாக, ஆள் ஏறியதும் பின்புறம் அமர்ந்து, வேகத்தடையில் அடி தட்டும்.

வாங்குபவர் ஒரு சுற்றாவது கடைசி வரிசையில் உட்கார வேண்டும். இதைச் செய்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். பின் சக்கரத்துக்கு மேலேயோ சற்றுப் பின்னாலோ உட்கார்வதால் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் தெரியும். வளைவில் அதிகம் அலைவதும் அந்த இடம்தான். ஜன்னல் சிறியது, வெளியே பார்க்க முடியாது. வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாந்தி வர இதுவே போதும்.

கிளம்பும் முன் வண்டியை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பிறகு ஏசி போட்டு, கடைசி வரிசையில் வியர்வை நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். எல்லா வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே செய்தால்தான் ஒப்பிட முடியும். காலை பத்து மணிக்குப் பார்த்த வண்டி எப்போதும் ஜெயித்துவிடும்.

11. வீட்டுக்கு வந்து ஒப்பிடுவது

மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். கூட்டினால் முன் சீட்டின் பத்து மதிப்பெண், கடைசி வரிசையின் இரண்டை மறைத்துவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் ஏழு கட்டம் போடுங்கள். அந்தந்த இடத்தில் உட்காரப் போகிறவரே “முடியும்”, “ஒரு மணி நேரம் வரை முடியும்”, “முடியாது” என்று மூன்றில் ஒன்றை எழுதட்டும். முதலில் “முடியாது” உள்ள வண்டிகளை அடியுங்கள். பிறகு “ஒரு மணி நேரம்” எத்தனை என்று எண்ணி, உங்கள் பயணத் தூரத்தோடு வைத்துப் பாருங்கள்.

எல்லா வண்டியும் அடிபட்டுவிட்டால் பதற வேண்டாம். தாளில் பெயர்களை இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். குட்டையானவர் ஓட்டுபவருக்குப் பின்னால் வந்தால் அவருக்கும் பின்னால் இருப்பவருக்கு இடம் பிறக்கும். அதுவும் சரிவரவில்லை என்றால் எஸ்யூவி என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, ஹைகிராஸ், கேரன்ஸ், எர்டிகா பக்கம் அதே டேப்போடு போங்கள். எங்கள் அத்தை கடைசியில் தானாக ஏறி, தானாக இறங்கியது அப்படி ஒரு வண்டியில்தான். அக்கா கணவருக்கு இன்னமும் அதன் முகப்பு பிடிக்கவில்லை.